வாசகரைக் கடைசிவரை அழைத்துச் செல்லும் கட்டுரை

ஒரு கட்டுரை வாசகரிடம் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. முதலில் அவர் கண்ணில் பட்டு, 'இதைப் படித்துப் பார்க்கலாம்' என்று எண்ண வைக்க வேண்டும். அடுத்து, தொடங்கியவரைப் பாதியில் இழக்காமல் முடிவுவரை கொண்டுபோக வேண்டும். முதல் வேலையைத் தலைப்பும் தொடக்க வரிகளும் செய்கின்றன. இரண்டாவதை எந்தத் தலைப்பாலும் செய்ய முடியாது. கட்டுரைக்குள் இருக்கும் சரக்கு, அது அடுக்கப்பட்டிருக்கும் வரிசை, அதைச் சொல்லும் தமிழ் ஆகிய மூன்றையும் பொறுத்தது அது. எழுத வருவோருக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி முதல் வேலையைப் பற்றியே இருக்கிறது. கடினமானது இரண்டாவதுதான்.

திரையில் மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சிலர் அளந்தே பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்கு வந்தவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கம் எதைத் திறந்தாலும் மேலோட்டமாகவே கண்ணை ஓட்டினார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 விழுக்காட்டினர். 2006-இல் அவரது குழு 232 பேரின் கண் அசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்தது. மேலே உள்ள ஓரிரு வரிகளில் கண் இடமிருந்து வலமாக முழுதும் ஓடியது. சற்றுக் கீழே வந்ததும் பாதி வரியோடு நின்றது. அதன் பிறகு இடது ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு கீழே இறங்கியது. இணையப் போக்குவரத்தை அளக்கும் சார்ட்பீட் நிறுவனத்தின் தலைவராக இருந்த டோனி ஹெய்ல், 2014-இல் டைம் இதழில் எழுதிய கட்டுரையில், ஒரு பக்கத்தைத் திறப்பவர்களில் 55 விழுக்காட்டினர் அதில் 15 நொடிகூடக் கவனம் செலுத்துவதில்லை என்று குறிப்பிட்டார்.

இந்த எண்களைப் பார்த்து, இனி யாரும் எதையும் படிக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மேலோட்டமாகப் பார்க்கும் அதே ஆள்தான் பிடித்த நாவலை இரவு முழுக்க விழித்திருந்து படிக்கிறார். கண்ணை ஓட்டும் அந்தச் சில நொடிகளில் அவர் ஒன்றைத் தேடுகிறார்: தனக்கு வேண்டியது இதில் இருக்கிறதா, எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறதா. விடை கிடைத்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு படிக்கத் தொடங்குகிறார்.

தலைப்பும் அது தரும் வாக்கும்

விளம்பர எழுத்தில் பெயர் பெற்ற டேவிட் ஓகில்வி, தலைப்பைப் படிப்பவர்கள் உள்ளே இருப்பதைப் படிப்பவர்களைவிட ஐந்து மடங்கு அதிகம் என்று 1963-இல் வெளிவந்த தம் நூலில் கணக்குச் சொன்னார். அவர் 1958-இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரம் இன்றும் பாடமாகக் காட்டப்படுகிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது அந்தக் காருக்குள் கேட்கும் மிகப் பெரிய ஓசை மின்சாரக் கடிகாரத்தின் ஓசைதான் என்பது அதன் தலைப்பு. உயர்ந்த, ஒப்பற்ற, சொகுசான என்ற சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை. ஒரு வேகமும் ஒரு கடிகாரமும் இருக்கின்றன. படித்தவர் காருக்குள் எவ்வளவு அமைதி என்று தாமே கணக்குப் போட்டுக்கொண்டார். அந்த வரி ஓகில்வியின் கற்பனையில் பிறந்ததும் அல்ல. காரைப் பற்றி மூன்று வாரம் கிடைத்ததையெல்லாம் படித்தபோது, மோட்டார் இதழ் ஒன்றின் குறிப்பில் அவர் கண்டெடுத்தது. நல்ல தலைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கின்றன. எழுதுகிறவர் சேகரித்த தகவல்களுக்குள்ளேயே அது எங்கோ கிடக்கும்.

மேட்டூர் அணையைப் பற்றி ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். 'மேட்டூர் அணை: ஒரு பார்வை' என்ற தலைப்பு எதையும் சொல்லவில்லை, எதையும் தருவதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை. 'ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்காவிட்டால் என்ன ஆகும்?' என்பது ஒரு தேதியைச் சொல்கிறது, ஒரு கேள்வியைக் கேட்கிறது, அதற்கு விடை தருவதாக வாக்கும் கொடுக்கிறது. தஞ்சைப் பக்கத்து விவசாயிக்கு அந்தத் தேதி உடனே புரியும். அந்தத் தேதியில் என்ன இருக்கிறது என்று சென்னையில் இருப்பவர் யோசிப்பார். ஒரே தலைப்பு இருவரையும் வெவ்வேறு வழியில் உள்ளே அழைக்கிறது.

வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்றாத தலைப்புகளின் காலம் ஒன்று இருந்தது. முழுதாக ஒழியவும் இல்லை. அமெரிக்காவில் 2012-இல் தொடங்கப்பட்ட அப்வொர்த்தி என்ற தளம் ஒவ்வொரு செய்திக்கும் 25 தலைப்புகள் எழுதிப் பார்க்கும் வழக்கத்தால் அறியப்பட்டது. முக்கியமான ஒன்றை மறைத்து வைத்து, அடுத்து நடந்ததை நம்பவே மாட்டீர்கள் என்ற தொனியில் எழுதும் பாணி அதைத் தொடர்ந்து எங்கும் பரவியது. 2014 ஆகஸ்டில் ஃபேஸ்புக் இத்தகைய தலைப்புகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக அறிவித்தது. அதற்கு அது வைத்த அளவுகோல் கவனிக்கத்தக்கது: இணைப்பைத் தட்டிப் போனவர்கள் எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறார்கள் என்பது. போன வேகத்தில் திரும்பி வந்தால், தலைப்பு சொன்னது உள்ளே இல்லை என்று பொருள். தமிழில் 'அதிர்ச்சி', 'பகீர்', 'வைரல்' என்று தொடங்கும் தலைப்புகளுக்கும் நேர்ந்தது இதுதான். ஏமாந்த வாசகர் அந்தச் சொற்களைக் கண்டதும் விலகிப் போகக் கற்றுக்கொண்டார். ஒருமுறை அப்படி விலகியவரைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம்.

முதல் பத்தி

பள்ளிக்கூடத்தில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கட்டுரை எழுதிப் பழகிய கை, முன்னுரை எழுதாமல் விஷயத்துக்குள் போகக் கூசுகிறது. ஆகவே மேட்டூர் அணைக் கட்டுரை 'நீரின்றி உலகில் எந்த உயிரும் வாழ முடியாது' என்று தொடங்கிவிடும். ஆதிமனிதன் ஆற்றங்கரையில் குடியேறியது இரண்டாவது வரியில் வரும், நாகரிகங்கள் தோன்றியது மூன்றாவதில். வாசகர் இவை எல்லாவற்றையும் அறிந்தவர். அறிந்ததையே சொல்லும் கட்டுரை மேற்கொண்டும் அறிந்ததையே சொல்லும் என்று அவர் முடிவு செய்தால், அதில் பிழை ஏதும் இல்லை. எழுதி முடித்த பிறகு முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பார்ப்பது நல்ல சோதனை. எதுவும் குறையவில்லை என்றால் முதல் பத்தி தேவையற்றது. பலரது கட்டுரை மூன்றாவது பத்தியில்தான் உண்மையில் தொடங்குகிறது.

ஆர்வம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994-இல் ஒரு விளக்கம் தந்தார். தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் இடையே ஓர் இடைவெளி இருப்பதாக உணரும்போது மனம் அதை நிரப்பத் துடிக்கிறது; அந்தத் துடிப்பே ஆர்வம் என்றார். எழுதுவோருக்கு இதில் இருக்கும் செய்தி நுட்பமானது. ஒன்றைப் பற்றி எதுவுமே தெரியாதவருக்கு அதைப் பற்றி ஆர்வமும் வராது, ஏனென்றால் தனக்கு என்ன தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே தொடக்கத்தில் எல்லாவற்றையும் மறைத்து வைப்பது பயன் தராது. கொஞ்சம் கொடுக்க வேண்டும். கொடுத்ததிலிருந்து ஒரு கேள்வி கிளம்ப வேண்டும்.

மேட்டூரின் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் கோடைகளில், பண்ணவாடிப் பக்கம் அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி சிலை வெளியே தெரியும். பழைய தேவாலயக் கோபுரம் ஒன்றும் தலைகாட்டும். கட்டுரை இங்கே தொடங்கினால், ஒரு கோயிலும் தேவாலயமும் நீருக்குள் ஏன் இருக்கின்றன, அங்கே இருந்த ஊர்கள் என்ன ஆயின என்ற கேள்விகள் யாரும் கேட்காமலே எழுகின்றன. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணைப் பணியின் வரலாற்றை அதன் பிறகு சொன்னால், அது விடையாக வந்து சேரும். அதே வரலாறு முதல் பத்தியில் வந்திருந்தால் பாடப் புத்தகமாகத்தான் இருந்திருக்கும்.

வாசகரை நிறுத்தி வைப்பது எது

ஓலைச்சுவடி, பாடபேதம், யாப்பு என்று பேசும் ஒருவரின் வாழ்க்கையை வார இதழில் பல லட்சம் பேருக்கான கதைகளுக்கும் துணுக்குகளுக்கும் நடுவே தொடராகப் போட்டால் யார் படிப்பார்கள் என்று இன்றைய ஆசிரியர் ஒருவர் தயங்கக்கூடும். ஆனந்த விகடன் தயங்கவில்லை. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 ஜனவரியிலிருந்து அதில் வாரந்தோறும் வந்தது. 1942-இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. இன்றுவரை அச்சில் இருக்கிறது. தமிழ் படித்தவர்கள் மட்டுமல்லாமல் மற்றவர்களும் படிக்கிறார்கள். அது வாசகரை எப்படிப் பிடித்து வைத்தது என்று ஆராய்வது, எழுத்துப் பயிற்சி நூல்கள் பலவற்றைப் படிப்பதைவிட மேலான பயிற்சி.

1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்த நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் நூல் பதிப்பு வரலாற்றில் அது பெரிய திருப்பம். ஆனால் சாமிநாதையர் அதைத் திருப்பம் என்று அறிவித்துவிட்டுத் தொடங்கவில்லை. மரியாதைக்காகப் பார்க்கப் போகிறார். முதலியார் அவ்வளவாக முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்வி வருகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள் என்று நீண்ட பட்டியலை இவர் ஒப்பிக்கிறார். எதிரில் இருப்பவர் முகத்தில் வியப்பு இல்லை. இவ்வளவு படித்து என்ன பயன் என்பதுபோல் பேசுகிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் அந்த நூல்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அந்த இடத்தில் வாசகருக்கும் ஒரு கேள்வி பிறந்துவிடுகிறது. இத்தனை படித்தவரே பார்க்காத நூல்கள் என்ன நூல்கள்? அவை எங்கே போயின? முதலியாரிடமிருந்து சிந்தாமணிப் பிரதி கிடைக்கிறது. கேள்வி தீரவில்லை, வேறாகிறது: படித்தால் பொருள் விளங்கவில்லை. சமண சமயச் செய்திகள் தெரிந்தால்தான் விளங்கும். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப் போகிறார். அதன் பிறகு ஏட்டுப் பிரதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மேலும் சுவடிகள் வேண்டும். அச்சிடப் பணம் வேண்டும். 1887-இல் சிந்தாமணி அச்சில் வரும்வரை ஒரு முடிச்சு அவிழும்போதே அடுத்தது விழுகிறது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் வாசகர் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் எழுகிறார். வெறுங்கையோடு அவரை அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் வா என்று சொல்லும் வழக்கம் அதில் இல்லை.

தொடர்கதையும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரவாரம் வந்த 'பொன்னியின் செல்வ'னின் அத்தியாயங்கள் பலவும் ஒரு கேள்வியோடு முடிவதை அதைப் படித்தவர்கள் அறிவார்கள். ஆனால் கட்டுரைக்கும் கதைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. யார் அந்த மனிதர் என்பதைக் கதாசிரியர் நூறு பக்கம் மறைத்து வைக்கலாம், வாசகர் ரசிப்பார். தகவலுக்காகப் படிக்க வந்தவரிடம் தகவலை ஒளித்து வைத்தால் அவருக்கு எரிச்சல்தான் வரும். கட்டுரையில் ஒவ்வொரு விடையும் இயல்பாகவே அடுத்த கேள்வியை எழுப்ப வேண்டும். செயற்கையான மர்மம் வேண்டாம்.

ஜூன் 12 ஏன் முக்கியம்? அப்போது திறந்தால்தான் டெல்டாவில் குறுவை நடவு செய்ய முடியும். சற்றுத் தாமதமானால் என்ன? குறுவை ஏறக்குறைய நான்கு மாதத்துக்குள் விளையும் பயிர். தாமதமாக நட்டால், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் அறுவடை மாட்டிக்கொள்ளும். அப்படியானால் ஜூனில் அணையில் நீர் இருக்குமா? அந்தத் தேதியில் பெரும்பாலும் சென்ற ஆண்டின் மிச்சம்தான் இருக்கும், ஏனென்றால் மேட்டூருக்கு நீர் தரும் குடகு மலையிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை அப்போதுதான் தொடங்குகிறது. அந்த மழைநீர் நேரே மேட்டூருக்கு வந்துவிடுமா? வராது, நடுவில் கர்நாடகத்தின் அணைகள் இருக்கின்றன. காவிரிச் சிக்கலின் சாரம் முழுவதும் இந்த நான்கு கேள்விகளுக்குள் வந்துவிட்டது. சட்டம், நடுவர் மன்றம், தீர்ப்பு என்று தொடங்கியிருந்தால் இதே வாசகர் இரண்டாவது பத்தியில் பக்கத்தைப் புரட்டியிருப்பார். கட்டுரையின் வரிசையை எழுதுகிறவரின் கோப்பில் தகவல்கள் இருக்கும் வரிசை தீர்மானிக்கக் கூடாது. படிப்பவர் மனத்தில் கேள்விகள் எழும் வரிசை தீர்மானிக்க வேண்டும்.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலின் பாயிரத்தில் அடுக்கியிருக்கிறார். இன்றைய கட்டுரைக்கு அவற்றில் மூன்று மிகவும் பொருந்தும். கூறியது கூறல் என்பது சொன்னதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்வது; பக்கத்தை நிரப்ப வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்களிடம் இது தவறாமல் வரும். மற்றொன்று விரித்தல், எடுத்துக்கொண்டதை விட்டுவிட்டு இடையில் வந்த வேறொன்றை விவரித்துக்கொண்டு போவது. மேட்டூருக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் வந்த காரணத்தைச் சொல்லப் போய், அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் வாழ்க்கையை இரண்டு பத்தி எழுதுவதை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடும் ஆசையிலிருந்து இந்தக் குற்றம் பிறப்பதால், நிறையப் படித்தவர்களிடம்தான் இது அதிகம். மூன்றாவது சென்று தேய்ந்திறுதல்: தொடக்கத்தில் செழிப்பாகக் கிளம்பிப் போகப்போக மெலிந்து முடிவது. கிடைத்த நல்ல தகவல்களையெல்லாம் முதல் பக்கத்திலேயே கொட்டிவிட்டால் இதைத் தவிர்க்க முடியாது. சிறந்தவற்றில் ஒன்றிரண்டைப் பின்பகுதிக்கென்று எடுத்து வைப்பது நல்லது.

எண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று நாளிதழ்கள் அன்றாடம் எழுதுகின்றன. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். இப்படிச் சொன்னாலும் மனத்தில் எதுவும் தோன்றுவதில்லை. பெரிய எண் ஒன்று இன்னும் பெரிய எண்ணாக மாறியதோடு சரி. வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கலாம். அணையிலிருந்து விநாடிக்கு 12,000 கன அடி திறந்துவிட்டால் ஒரு நாளில் ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல் வெளியேறும். நிரம்பிய அணைக்கு ஒரு சொட்டுக்கூட வராமல் போனால், அந்த வேகத்தில் அது கணக்குப்படி மூன்று மாதத்துக்குத்தான் தாங்கும். இப்போது வாசகர் கையில் ஒரு காலக்கெடு இருக்கிறது. குறுவைக்கு நான்கு மாதம் ஆகும் என்பதும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். மேலே இருந்து நீர் வராமல் முடியாது என்பதைக் கட்டுரை சொல்லத் தேவையில்லை.

இதைவிடச் சிறிய பொருள்களிலிருந்தும் பெரிய இடங்களுக்குப் போகலாம் என்று காட்டியவர்கள் தமிழில் உண்டு. தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' 1997-இல் வந்தது. அன்றாடம் கண்ணில் படும் சோறு, தேங்காய், உரல், உலக்கை ஆகியவற்றைப் பற்றிய சிறு கட்டுரைகள் அதில் இருக்கின்றன. எல்லா வீட்டிலும் இருக்கும் பொருளில் தொடங்கி, ஒரு சமூகத்தின் வரலாற்றில் போய் நிற்கும். சுஜாதா ஜூனியர் விகடனில் எழுதிய 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியில் கேள்வியே வாசகருடையது. அவர்கள் கேட்டதற்கு அறிவியலிலிருந்து விடை சொன்னார். இருவரும் வாசகர் நிற்கும் இடத்துக்குப் போய் அங்கிருந்து அழைத்துச் சென்றவர்கள்.

தமிழ் வாக்கியம்

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். பெயரை விவரிக்கும் எச்சங்கள் அந்தப் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். ஆகவே வாக்கியம் நீள நீள, யார் என்ன செய்தார் என்பது தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். அதுவரை வந்ததையெல்லாம் வாசகர் நினைவில் தாங்கிக்கொண்டு போக வேண்டும். செய்தி நடையில் இப்படி ஒரு வாக்கியம் வருவது அரிதல்ல: 'கடந்த ஆண்டு பெய்த கனமழையால் கரை உடைந்து நீர் புகுந்த வயல்களில் பயிரிட்டிருந்த விவசாயிகளுக்கு அறிவிக்கப்பட்ட இழப்பீட்டுத் தொகை இன்னும் வழங்கப்படாத நிலையில், அது குறித்து விசாரிக்கச் சென்றவர்களுக்கு முறையான பதில் அளிக்கப்படவில்லை என்று கூறப்படுகிறது.' இலக்கணப் பிழை இதில் எதுவும் இல்லை. ஆனாலும் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துவிடுகிறது.

அதையே நடந்த வரிசையில் பிரித்து எழுதலாம். 'கடந்த ஆண்டு கனமழையில் கரை உடைந்து வயல்களுக்குள் நீர் புகுந்தது. பயிரிட்டவர்களுக்கு இழப்பீடு தருவதாக அரசு அறிவித்தது. பணம் இன்னும் வரவில்லை. விசாரிக்கப் போனவர்களுக்கு அதிகாரிகள் சரியாகப் பதில் சொல்லவில்லை.' முதல் வடிவத்தில் ஆளே இல்லாமல் இருந்த செயல்களுக்கு இப்போது செய்தவர்கள் வந்துவிட்டார்கள். அறிவித்தது யார், பதில் சொல்லாதது யார் என்பது தெரிகிறது. 'படு' சேர்ந்த வினைகள் அடுத்தடுத்து வரும் எழுத்தில் பொறுப்பானவர் மறைந்துவிடுகிறார். கூடவே வாசகரின் ஈடுபாடும் குறைகிறது. 'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்றால் அது மிகையாகாது' போன்ற வால்களை வெட்டினால் எந்த வாக்கியமும் நலிவதில்லை. குறிப்பிடத்தக்கதாக இருப்பதால்தானே குறிப்பிடப்படுகிறது.

எல்லா வாக்கியமும் குட்டையாக இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் அல்ல. நான்கு சொல் வாக்கியங்களே தொடர்ந்து வந்தால் தந்தி படிப்பதுபோல் இருக்கும். ஆங்கில எழுத்தின் எளிமையை அளக்க ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-இல் ஒரு சூத்திரம் வகுத்தார். ஒரு வாக்கியத்தில் எத்தனை சொல், ஒரு சொல்லில் எத்தனை அசை என்று எண்ணுவது அது. தமிழுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது ஒரே சொல், படிப்பவருக்கு அதில் தடையும் இல்லை. தமிழில் தடையாக நிற்பது நீளம் அன்று, ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைந்த எச்சங்களின் அடுக்கு. 'எழுந்து, குளித்து, சாப்பிட்டு, வண்டியைப் பிடித்து, ஊர் போய்ச் சேர்ந்தார்' என்று செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் எவ்வளவு நீண்ட வாக்கியத்தையும் மூச்சுத் திணறாமல் படிக்கலாம். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் எது எந்த வகை என்று காது சொல்லிவிடும்.

கலைச்சொல்லை எப்போது எப்படி வைப்பது என்பதிலும் படிப்பவர் நிலை தெரிய வேண்டும். முதலில் பொருளைக் காட்டிவிட்டுப் பெயரைப் பின்னால் சொன்னால் பெயர் மனத்தில் ஒட்டும்; பெயரை முதலில் சொல்லிவிட்டு விளக்கம் கொடுத்தால், விளக்கம் வரும்வரை வாசகர் இருட்டில் நிற்கிறார். மக்கள் அன்றாடம் பேசும் சொல் இருக்கும்போது அகராதியிலிருந்து இன்னொன்றைத் தேடி எடுத்து வைப்பது, தெரிந்த பொருளையே தெரியாததாக்கிவிடும். எளிய சொல்லும் எளிய நடையும் மொழிக்குப் புத்துயிர் தரும் என்று 1912-இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முன்னுரையில் வாதிட்ட பாரதியார், கவிதைக்கே அதைக் கேட்டார். உரைநடைக்கு அது கூடுதலாகவே பொருந்தும்.

கைபேசித் திரைக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை குறைவு. அச்சில் அளவாகத் தோன்றும் பத்தி, கையகலத் திரையில் பக்கம் முழுவதையும் அடைத்துவிடும். ஆகவே பத்திகளைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். நீண்ட கட்டுரையில் சில துணைத்தலைப்புகள் இருந்தால், கண்ணை ஓட்டுபவர் தமக்கு வேண்டிய இடத்தில் இறங்குவார். கண் இடது ஓரத்தையே தொட்டு இறங்குவதால், பத்தியின் முதல் வாக்கியம் அந்தப் பத்தி எதைப் பற்றியது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. 'இந்நிலையில்', 'அந்த வகையில்', 'இதனிடையே' என்று தொடங்கும் பத்திகள் அந்த இடத்தை வீணாக்குகின்றன.

நம்பிக்கையும் திருத்தமும்

வாசகர் திரும்பி வருவதற்குக் காரணம் நடை அழகு மட்டும் அல்ல. சொன்னது சரியாக இருந்தது என்ற அனுபவமே முதன்மையானது. தமக்கு நன்கு தெரிந்த ஓர் ஊரின் பெயரோ, ஆண்டோ, பயிரின் பருவமோ தவறாக இருப்பதைக் கண்டுவிட்டால், தெரியாத பகுதிகளையும் அவர் ஐயத்தோடுதான் படிப்பார். அந்த ஐயம் அதே எழுத்தாளரின் அடுத்த கட்டுரைக்கும் தொடரும். வாட்ஸ்அப்பில் வந்த தகவலைச் சரிபார்க்காமல் எடுத்துப் போடுபவர்கள் இழப்பது இதைத்தான். உறுதியில்லாத பத்துத் தகவல்களைவிட உறுதியான மூன்று மேல். பயணக் கட்டுரைகளுக்குப் பெயர் பெற்ற ஏ. கே. செட்டியாரின் எழுத்து எளிமையானது. தம்மை முன்னிறுத்திக்கொள்ளாமல் கண்டதைக் கண்டபடி சொல்வது. அலங்காரம் இல்லாத அந்த எழுத்தை இத்தனை பத்தாண்டுகள் கழித்தும் படிக்க முடிவதற்கு அந்த நம்பகத்தன்மை ஒரு காரணம்.

முடிவு எழுதுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். செய்தி எழுதுவோர் முக்கியமானதை முதலிலும் மற்றதைப் பின்னாலும் வைப்பார்கள். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டிக்கொள்ளலாம். கட்டுரைக்கு அந்த அமைப்பு பொருந்தாது, ஏனென்றால் கடைசிவரை வருபவருக்கு அங்கேயும் ஏதாவது இருக்க வேண்டும். சொன்னவற்றைச் சுருக்கி மீண்டும் சொல்வதும், 'நாம் அனைவரும் உறுதியேற்போம்' என்று கைகூப்புவதும் எதையும் தருவதில்லை. தலைப்பு கொடுத்த வாக்கு எந்த இடத்தில் நிறைவேறுகிறதோ அதற்கு ஒன்றிரண்டு வாக்கியம் தள்ளி நிறுத்தலாம். சொல்லாமல் வைத்திருந்த ஒரு நல்ல தகவலையோ, இனி நடக்கவிருக்கும் ஒன்றையோ அங்கே வைக்கலாம்.

எழுதி முடித்தவுடன் வெளியிடாமல் ஒரு நாளாவது ஆறப்போடுவது பழைய வழக்கம். அதற்கு மாற்று இன்னும் வரவில்லை. மறுநாள் படிக்கும்போது எழுதியவர் பாதி வாசகராகிவிட்டிருப்பார். முழு வாசகர் வேண்டுமென்றால், அந்தத் துறை தெரியாத ஒருவரிடம் அச்செடுத்துக் கொடுத்து, கவனம் எங்கே விலகியதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லலாம். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் விடை வரும்; கோடு அப்படி உபசாரம் செய்யாது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேர் கோடு போட்டிருந்தால், சிக்கல் பெரும்பாலும் அந்த வரியில் இருப்பதில்லை, அதற்கு முந்தைய பத்தியில் இருக்கும். வாசகருக்கு எழுந்த கேள்வி ஒன்று அங்கே விடையில்லாமல் விடப்பட்டிருக்கும், அல்லது அடுத்த கேள்வி எழ இடமே இல்லாமல் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். முதலாவதாக இருந்தால் விடுபட்ட தகவலைத் தேடிச் சேர்க்க வேண்டும். இரண்டாவதாக இருந்தால் பத்திகளின் வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும், அல்லது கட்டுரையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.